மஞ்சள் கையும் பாலத்தடித் தட்டும்

ஹெக்டன் எஞ்சின் ஷெட்,
பிப்ரவரி 2, 1954

அன்புள்ள மேவிஸ்,

உன் மாமன் உயிரோடும் தெம்போடும் இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் எனக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டது. உன் அம்மா, அதாவது என் அக்கா எதல், இருமலை விட்டுவிட்டாள் என்றும், நீ கேபின் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றும் நானே முடிவு கட்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சிக்னல் இலாகாக்காரர்களுக்கு மூளை என்று ஏதாவது உண்டா? அல்லது அந்த இடத்திலும் கம்பியும் கப்பியும்தானா? உன் தார்ன்லீக்கு முன்னால் இருக்கும் கல்பாலத்தடியில் ஒரு புதுச் சாமான் முளைத்திருக்கிறது. வட்டமான வெள்ளைக் கண்ணாடி, நடுவில் ஒரு கறுப்புக் குச்சி. யாரோ சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் மாட்டிய தட்டு மாதிரி. பாலத்துக்கு அப்பால் வளைவில் ஒளிந்திருக்கும் உன் ஹோம், அதாவது ஸ்டேஷன் வாசல் கைகாட்டி, என்ன சொல்கிறது என்பதை இது முன்கூட்டியே எங்களுக்குத் திருப்பிச் சொல்லுமாம். ஹோம் 'நில்' என்று நீட்டிக்கொண்டிருந்தால் குச்சி படுத்திருக்கும். ஹோம் இறங்கினால் குச்சி சாயும். ரிப்பீட்டர் என்று பெயர். முன் பெஞ்சுக்காரன் சொன்ன பதிலைக் கடைசி பெஞ்சுக்காரன் திருப்பிச் சொல்வானே, அந்த வேலை.

இதை விளக்க நேற்று இன்ஸ்பெக்டர் ஓல்ட்ராய்ட் எங்கள் பன்னிரண்டு டிரைவர்களையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துச் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டார்டாஃப், இதுல குச்சி சாஞ்சிருந்தா என்ன அர்த்தம்?"

"ஆணியை ஒழுங்கா அடிக்கலைன்னு அர்த்தம், சார்."

அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் கெட்டில் அடுப்பில்லாமலே கொதித்தது.

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல வாய்தான் வளர்ந்துச்சா?"

"கண்ணும்தான் சார். அதனாலதான் தட்டு வேணாங்கறேன்."

மனிதர் சிவந்த சிவப்பில் அவரை ஒரு கம்பத்தில் ஏற்றியிருந்தால் நாலு வண்டி நின்றிருக்கும்.

முப்பத்தொன்றாம் வருட மூடுபனி உனக்கு நினைவிருக்காது. என் மூக்கே எனக்குத் தெரியவில்லை. அப்படியும் தூரத்திலேயே எச்சரிக்கும் டிஸ்டண்ட் கைகாட்டி எங்கே நிற்கிறது, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அதன் விளக்கில் எரியும் எண்ணெயின் வாசனையை வைத்தே சொன்னவன் நான். கையை வெளியே நீட்டினேன், அந்த மஞ்சள் கை என் விரலைத் தொட்டது. எனக்குத் தட்டாம்!

சரி, போட்டது போட்டுவிட்டார்கள். அதை வைத்து எனக்கு ஒரு உபகாரம் செய். தினமும் காலை 7.22 வேகப் பாசஞ்சரை உன் ஹோமடியில் நிறுத்திவைக்கிறாயே, அது ஏற்றம். ஈரத் தண்டவாளம். நின்றால் கிளப்ப என் உயிர் போகிறது. நான் பாலத்தை நெருங்கும்போதே ஹோமை இறக்கிவிடு. தட்டைப் பார்ப்பேன், நிற்காமல் வருவேன். நாலு நாளில் அந்தத் தட்டுக்கும் ஒரு பிரயோஜனம் கிடைத்த மாதிரி இருக்கும்.

உன் மாமன்,
அம்புரோஸ் டார்டாஃப்,
முதல் நிலை டிரைவர்


தார்ன்லீ சிக்னல் கேபின்,
பிப்ரவரி 6, 1954

மாமாவுக்கு,

அம்மாவின் இருமல் குறையவில்லை. திரை நான் தைத்ததில்லை, முன்பு இருந்த ஆண் சிக்னல்காரர் விட்டுப்போனது. மற்றபடி உங்கள் கடிதத்தில் தேதி சரியாக இருந்தது.

முப்பத்தொன்றாம் வருடம் உங்கள் விரலைத் தொட்ட டிஸ்டண்ட் முப்பதடிக் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அவ்வளவு நீளக் கை உங்களுக்கு இருந்தால் எங்கள் ஹோமை நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

முப்பத்தெட்டு வருடமாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். டிஸ்டண்ட் லீவரை நான் நினைத்தாலும் இழுக்க முடியாது. ஹோம், ஸ்டார்ட்டர் இரண்டையும் முதலில் இறக்கியிருந்தால்தான் அது அசையும். தரைக்கு அடியில் இரும்புப் பூட்டு. ஆகவே மஞ்சள் கை இறங்கியிருந்தால் தார்ன்லீ முழுக்கத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நீட்டியிருந்தால் எங்கோ ஒன்று மூடியிருக்கிறது, எங்கே என்று அது சொல்லாது. நீங்கள்தான் நிற்கத் தயாராக வர வேண்டும். உங்கள் தட்டுக்கு அவ்வளவு விஷய ஞானம் கிடையாது. அதற்குத் தெரிந்தது ஹோம் ஒன்றுதான். அதற்கப்பால் பிளாட்பாரத்தின் கடைசியில் வண்டியைக் கிளம்ப விடும் ஸ்டார்ட்டர் இருக்கிறது, ஸ்டார்ட்டருக்கு அப்பால் கேட் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நீங்கள் வரும் நேரத்தில் கேட் வழியாக முந்நூறு பேர் கம்பளி மில்லுக்குப் போகிறார்கள். அவர்கள் கடக்கும்வரை கேட் சாலைக்குத்தான் திறந்திருக்கும். அதுவரை ஸ்டார்ட்டர் இறங்காது. ஸ்டார்ட்டர் மூடியிருந்தால், வண்டி ஹோமடியில் ஏறக்குறைய நின்ற பிறகே ஹோமை இறக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியை எழுதியவருக்கு உங்களைப் போல ஒரு மாமா இருந்திருக்க வேண்டும்.

ஓல்ட்ராய்ட் வாரம் இருமுறை இங்கே வந்து நான் லீவர் இழுப்பதை வேடிக்கை பார்க்கிறார். இந்தப் பாதையில் மிச்சம் இருக்கும் ஒரே பொம்பளையை வீட்டுக்கு அனுப்ப ஒரு காரணம் கிடைக்காதா என்று அவர் கண் தேடுகிறது. அதை நான் தர மாட்டேன்.

அம்மாவின் நீலக்கரை போட்ட புட்டிங் கிண்ணம் கிறிஸ்துமஸிலிருந்து உங்களிடம் இருக்கிறது.

மேவிஸ் சக்டன்


ஹெக்டன்,
பிப்ரவரி 17, 1954

மேவிஸ்,

உன் பிரசங்கம் கிடைத்தது. ஷெட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன். மிகவும் பயனடைந்தார்கள், இருவர் தூங்கிவிட்டார்கள்.

நேற்று என்ன நடந்தது என்று கேள். உன் ஹோமடியில் நின்றேன். நீ இறக்கினாய். நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பிடிப்புக்கு மணலைப் போட்டேன், மறுபடி சுற்றுகிறது. மூன்று தரம். முதல் பெட்டியிலிருந்து ஒரு மில்காரி தலையை நீட்டினாள்.

"என்ன டிரைவரே, நாங்க எறங்கித் தள்ளட்டுமா?"

"நீ ஏறினதாலதான் நகரமாட்டேங்குது, உள்ள போ!"

"தாத்தாவுக்குக் கோபம் வருதுடி! எஞ்சினுக்குத்தான் ஆவி வரலை!"

முழு வண்டியும் சிரித்தது. என் ஃபயர்மேன் கிளிஃப் நிலக்கரியைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அறுபத்துமூன்று வயதில் இது எனக்குத் தேவையா?

கிறிஸ்துமஸுக்குப் பிறகு என் பெயருக்கு நேராக ஆறு தாமதம் எழுதியாகிவிட்டது. ஆறும் உன் வாசலில். ஷெட் ஃபோர்மன் சொல்லிவிட்டான்: "இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா உன்னை யார்டுக்கு மாத்திடுவேன் அம்புரோஸ். காலி வேகனைத் தள்ளிக்கிட்டு இரு." எனக்குப் பதினான்கு மாதம் மீதி. கடைசி நாள் வேகப் பாசஞ்சரிலிருந்து இறங்க வேண்டுமா, காலி வேகன் தள்ளுகிற டப்பாவிலிருந்து இறங்க வேண்டுமா? அது உன் கையில் இருக்கும் ஒரு லீவர். பதினைந்து நொடி.

யுத்தம் முடிந்ததும் கேபின்களிலிருந்து பெண்களை எல்லாம் விரட்டினார்களே, உன்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா? சூப்பரிண்டெண்டென்ட் மேஜையில் நான் குத்திய குத்தில் மைக்கூடு கூரைக்குப் போனது. "என் அக்கா மக கேபினை விட்டு எறங்கினா ஹெக்டன்ல ஒரு எஞ்சினும் நகராது" என்றேன். மனிதன் நடுங்கிவிட்டான். அந்த மாமனுக்குப் பதினைந்து நொடி இல்லை. விதி இருக்கிறது. நல்லது. விதியோடு டீ குடி.

அம்புரோஸ்


தார்ன்லீ,
பிப்ரவரி 20, 1954

மாமாவுக்கு,

நீங்கள் மேஜையைக் குத்தவில்லை. அன்று நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் நின்றீர்கள். உள்ளே போனபோது "சார்" என்ற சொல்லைத் தவிர உங்கள் வாயில் எதுவும் வரவில்லை.

அதற்காகச் செய்கிறேன், மைக்கூட்டுக்காக இல்லை.

திங்கள் முதல் நீங்கள் பாலத்தை நெருங்கும்போது ஹோமை இறக்குகிறேன். டிஸ்டண்ட் நீட்டியபடியேதான் இருக்கும். தட்டு சாய்ந்தால் ஹோமைத் தாண்டி பிளாட்பாரம்வரை மெதுவாக வரலாம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஜம்பம் காட்ட வேண்டாம்.

மேவிஸ்


ஹெக்டன்,
மார்ச் 14, 1954

என் தங்கமே மேவிஸ்,

மூன்று வாரம்! ஒரு நிமிடத் தாமதம் கூட இல்லை! நேற்று ஹெக்டன் ஸ்டேஷன் மாஸ்டர் தன் கைக்கடிகாரத்தை என் வண்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். அந்த மில்காரி கூட, "தாத்தாவுக்கு வயசு திரும்பிடுச்சு போல" என்றாள். அப்படியே ராணியைப் பார்த்து வணங்குகிற மாதிரி தொப்பியைத் தூக்கினேன்.

எவ்வளவு சுலபம் பார். உன் டிஸ்டண்ட் தினமும் மஞ்சளாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. தினமும் அதே பயமுறுத்தல், தினமும் ஒன்றும் நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் நரகத்தைப் பற்றிப் பேசுவாரே, அதே கதை. நான் அந்த மீன்வால் வெட்டிய கட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பாலத்தைப் பார்க்கிறேன், தட்டு சாய்ந்திருக்கிறது, ரெகுலேட்டரைத் திறக்கிறேன். பிளாட்பாரத்தைத் தொடுவதற்குள் ஸ்டார்ட்டரும் பட்டென்று இறங்கிவிடுகிறது. ஓல்ட்ராய்டிடம் சொல், அவர் தட்டுக்கு நான் ஒரு பொட்டு வைக்கத் தயார்.

கிண்ணத்தை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நேரம் தவறாத
உன் மாமன்


தார்ன்லீ,
மார்ச் 16, 1954
(தபால் அட்டை)

தட்டு சாய்ந்தால் ரெகுலேட்டரைத் திறக்கச் சொன்னது யார்? ஸ்டார்ட்டர் இறங்குவது கேட் மூடிய பிறகு. கேட் மூடுவது கடைசி ஆள் கடந்த பிறகு. அந்தக் கடைசி ஆள் உங்கள் எஞ்சினைப் பார்த்து நடப்பதில்லை. மெதுவாக வாருங்கள். இல்லையென்றால் பழையபடி நிறுத்துவேன்.

மே.


தார்ன்லீ,
மார்ச் 25, 1954

மாமாவுக்கு,

உங்கள் நெற்றியில் நாலு தையல் என்று கிளிஃப் சொன்னார். நன்றாக ஆறட்டும்.

நேற்று என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். நெல்லி கிரேட்ரெக்ஸ் என்று ஒரு நெசவுக்காரி, சைக்கிள் சங்கிலி கழன்று கேட் நடுவில் நின்றுவிட்டாள். அவள் அதை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட் சக்கரத்தில் கை வைத்தபடி காத்திருந்தேன். ஹோமை ஏற்கெனவே உங்களுக்காக இறக்கியிருந்தேன். ஸ்டார்ட்டர் மூடியிருந்தது, டிஸ்டண்ட் மஞ்சள். நீங்கள் பிளாட்பாரத்துக்குள் வந்த வேகத்தைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்து கத்தினேன். சிவப்புக் கொடியை எடுத்தேன். நீங்கள் பிரேக் போட்டீர்கள், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஸ்டார்ட்டரைத் தாண்டி இரண்டு கேட்டையும் விறகாக்கிக்கொண்டு நாற்பது கஜம் போய் நின்றீர்கள்.

நெல்லி குதித்துவிட்டாள். கேட்டின் கட்டை விழுந்து வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. தறி ஓட்ட அவளுக்கு அந்தக் கைதான் வேண்டும். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்முன் என் கேபின் படியடியில் உட்காரவைத்திருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"கேட் எனக்குத் தொறந்துதானே இருந்துச்சு, மிஸ்? நான் தப்பா வரலையே?"

"இல்லம்மா. உனக்குத்தான் தொறந்திருந்துச்சு."

விசாரணை உங்களுக்கு ஏப்ரல் 6, எனக்கு 9. வண்டி ஹோமடியில் நின்ற பிறகு ஹோமை இறக்கினாயா, அதற்கு முன்பா என்பது எனக்கு வரப்போகும் முதல் கேள்வி. முன்பே இறக்கினேன் என்று சொல்வேன். கேபின் போகும், தெரியும். நீங்கள் மஞ்சள் கையை மதிக்கவில்லை என்று சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி. ஜரிகை வேண்டாம், மாமா. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜரிகை இல்லாமல் பேசுங்கள்.

மேவிஸ்


ஹெக்டன்,
ஏப்ரல் 6, 1954

மேவிஸ்,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

உன்னைக் காப்பாற்றியாகிவிட்டது. சாட்சி என்றால் என்ன என்று அந்த அறைக்கு இன்று காட்டினேன். மூன்று பேர் மேஜைக்குப் பின்னால், நடுவில் ஓல்ட்ராய்ட், கல்லறைக்கு அளவெடுக்க வந்தவன் மாதிரி.

"டார்டாஃப், பாலத்தடியில ரிப்பீட்டர் எப்படி இருந்துச்சு?"

"படுத்திருந்துச்சு சார். நல்லாத் தூங்கிக்கிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"ஹோமுல நின்னேன் சார். ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. எண்ணினேன். ஒரு ராபின் குருவி வந்து பஃபர் மேல உக்காந்துச்சு. அந்தக் கேபின் பொம்பளையைத் திட்டினேன், குருவி பறந்துருச்சு. அதுக்கப்புறம்தான் ஹோம் இறங்குச்சு."

"அப்ப ஸ்டார்ட்டரை ஏன் தாண்டினே?"

"என் முட்டாள்தனம் சார். முழங்கால் வலியில கவனம் போயிடுச்சு. சிக்னல்ல ஒரு குறையும் இல்லை, கேபின்ல ஒரு குறையும் இல்லை."

கிளிஃபைக் கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளை. "டிரைவர் சொன்னபடிதான்" என்றான். குருவி எந்த நிறம் என்று கேட்டதற்கு, "ராபின் நிறம்" என்றான்.

வெள்ளிக்கிழமை நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "வண்டி நின்றது, பிறகு இறக்கினேன்." அவ்வளவு. என்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டு அழாதே. அக்கா மகள் லீவரை இழுத்ததால் டார்டாஃப் கேட்டை உடைத்தான் என்று ஷெட்டில் பேச்சு வந்தால் எனக்குத்தான் அசிங்கம். உடைத்தது நான், முழுக்க நானே. அதிலும் பங்கு கேட்காதே, கூண்டுக்காரி.

உன் மாமன்


தார்ன்லீ,
ஏப்ரல் 10, 1954

மாமாவுக்கு,

ஒரு நிமிடம் நாற்பது நொடி. அந்த நாற்பது எதற்கு? வெறுமனே நின்றேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஓல்ட்ராய்ட் மேஜையில் என் பதிவேட்டை விரித்துவைத்திருந்தார்.

"மிஸ் சக்டன், இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா சார்."

"முந்தின கேபினை வண்டி தாண்டினது 7.18. உங்க கேட் உடைஞ்சது 7.22. மூணு மைலு, நாலு நிமிஷம். இதுல ஒண்ணேமுக்கால் நிமிஷம் குருவியோட நின்னாராம். மீதி நேரத்துல பறந்து வந்தாரா?"

நான் என் கையெழுத்தைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்:

"உங்க கடிகாரம் தப்பா ஓடியிருக்கலாம். அப்படி நடக்கிறதுதான்."

தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஆமாம் சார், இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது என்று நான் சொன்னால் உங்கள் குருவி பிழைத்திருக்கும், நீங்களும் யார்டோடு தப்பித்திருப்பீர்கள். எனக்கு நெல்லி படியடியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு, உங்களுக்காக இன்னொரு பதில் சொல்ல முடியவில்லை.

"கடிகாரத்தை ஏழு மணிக்குச் சரிபார்த்தேன் சார். எழுதினது மையில. அவர் நிக்கலை. அவர் பாலத்துக்கு வரும்போதே நான் ஹோமை இறக்கிட்டேன். ஒரு மாசமா அப்படித்தான் செஞ்சேன். அவர் என் மாமா."

ஓல்ட்ராய்ட் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களை வீட்டுக்கு அனுப்ப ஒரு வருஷமாக் காரணம் தேடுறேன். அதை நீங்களே கொண்டுவந்து மேஜையில வெச்சுட்டீங்க. கடிகாரத்தை நகர்த்தாத ஆளை அனுப்பிட்டு நகர்த்தற ஆளையா உக்காரவைக்கறது? எரிச்சலா இருக்கு."

எனக்கு மூன்று வாரம் தற்காலிக வேலைநீக்கம், பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி. கேபின் போகவில்லை. பொய் சாட்சிக்காக உங்களை எஞ்சினிலிருந்தே இறக்கிவிட்டார்கள். கிளிஃபுக்கு எச்சரிக்கை, அதுவும் உங்களால்.

என் தப்பைக் கூட என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்கு ஒரு குருவியும் வைத்தீர்களே. நான் கேட்டேனா? உங்கள் முப்பத்தெட்டு வருடக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இனி முடியாது. எனக்கு எழுத வேண்டாம்.

மேவிஸ் சக்டன்


ஹெக்டன்,
ஜூலை 15, 1954

மேவிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். மே மாதம் எழுதியதற்கும் ஜூனில் எழுதியதற்கும் பதில் இல்லை. எனவே இது கடிதம் இல்லை. விளக்குக்காரனின் அறிக்கை.

ஆமாம், ஓல்ட்ராய்டுக்கு நகைச்சுவை உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. "கைகாட்டியைப் பக்கத்துல பாக்கட்டும்" என்று சொல்லி என்னை விளக்கு வேலையில் போட்டுவிட்டார். தோளில் எண்ணெய் டப்பா, கையில் துணி. வியாழன்தோறும் உன் பக்கத்துக் கைகாட்டி எல்லாவற்றிலும் ஏறி, விளக்கைத் துடைத்து, திரியை வெட்டி, எட்டு நாளுக்கு எண்ணெய் ஊற்றுகிறேன். வடக்கில் என்னைவிட வேகமாக ஏணி ஏறும் விளக்குக்காரன் கிடையாது. கீழே நின்ற தண்டவாளக்காரர்கள் இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். வெயில் காரணமாகவும் இருக்கலாம்.

முதல்முறை உன் டிஸ்டண்டில் ஏறினேன். கீழிருந்து பார்த்தால் பல்குத்தும் குச்சி மாதிரி இருக்கும் அந்த மஞ்சள் கை, பக்கத்தில் போனால் என் உயரம் இருக்கிறது. மேலே உட்கார்ந்தால் பாலம், தட்டு, ஹோம், ஸ்டார்ட்டர், புதுக் கேட், உன் கேபின் புகைபோக்கி எல்லாம் தெரிகிறது. தட்டடியில் போய் நின்றேன். அங்கிருந்து ஒரு மண்ணும் தெரியவில்லை. இவ்வளவுதான். அதைப் பற்றி வேறு எதுவும் சொல்வதாக இல்லை.

ஒன்று மட்டும் விசாரணையில் சொல்லாதது. அன்று காலை கிளிஃப், "டிஸ்டண்ட் மஞ்சள், அம்புரோஸ்" என்றான். நான், "அது என்னைக்குத்தான் மஞ்சளா இல்லை" என்றேன். தலையைக் கூடத் திருப்பவில்லை. இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

நெல்லி கிரேட்ரெக்ஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், நான் யார் என்று கேட்டாள், சொன்னேன், சாத்தினாள். நல்ல கனமான கதவு.

அறிக்கையின் முக்கிய பாகம். உன் கேபினில், லீவர்களுக்கு மேலே, டிஸ்டண்ட் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று உனக்குத் திருப்பிச் சொல்லும் சின்னக் கருவி இருக்கிறதே. உனக்கும் ஒரு ரிப்பீட்டர். உன் கண்ணுக்கு எட்டாததால் கொடுத்திருக்கிறார்கள், நான் கிண்டல் செய்யவில்லை. இன்று காலை பத்து மணிக்கு மேல், அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, விளக்கை ஊதி அணைத்தேன். சூடு ஆறி உன் கருவிக்குச் சேதி போக நேரம் பிடிக்கும் என்று காத்திருந்தேன். பிறகு ஏற்றினேன். மறுபடி அணைத்தேன், மறுபடி ஏற்றினேன். மணி அடித்திருந்தால், அது பழுது இல்லை. நான்தான்.

மஞ்சள் கை அந்நேரம் முழுக்க நீட்டியபடியே இருந்தது. அதை இறக்கிக் காட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டை மூடி, ஸ்டார்ட்டரை இறக்கி, ஹோமை இறக்கி, அதற்குப் பிறகுதான் அது என்று எனக்குத் தெரியும். எந்த லீவரையும் முன்கூட்டி இழுக்கச் சொல்லி இனி யாரையும் கேட்க மாட்டேன்.

அம்புரோஸ் டார்டாஃப்,
விளக்கு


தார்ன்லீ சிக்னல் கேபின்,
ஜூலை 17, 1954

விளக்குக்காரர் அ. டார்டாஃபுக்கு,

கடந்த 15ஆம் தேதி காலை 10.12க்கு டிஸ்டண்ட் விளக்கு அணைந்ததாகக் கருவி காட்டியது, மணி அடித்தது. 10.16க்கு எரிந்தது. 10.20க்கு மறுபடி அணைந்தது. 10.24க்கு எரிந்தது. பாதையில் அப்போது வண்டி எதுவும் இல்லை. இருந்திருந்தால் இது ஓல்ட்ராய்ட் மேஜைக்குப் போயிருக்கும். நேரங்களைப் பதிவேட்டில் குறித்திருக்கிறேன்.

விளக்கு இருமுறை அணைந்த காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சுருக்கமாக. குருவி எதுவும் வேண்டாம்.

நீலக்கரை போட்ட புட்டிங் கிண்ணம் இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் அனுப்பினால் உடையும், நேரில்தான் கொண்டுவர வேண்டும். அம்மா இருமிக்கொண்டே கேட்கிறாள்.

மே. சக்டன்,
சிக்னல்காரி

பி.கு. நேரங்களை மையில் இல்லை, பென்சிலில்தான் குறித்திருக்கிறேன்.